ஐந்தரை அடி அகலம்

ரயில் வந்து நின்றதும் மேளக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தங்கப்பழம் அண்ணாச்சி மட்டும் கையில் ரோஜா மாலையோடு பிளாட்பார ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். எஞ்சினுக்குப் போடுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுபது வயது மனிதர். அகலப் பாதைப் போராட்டக் குழுவின் தலைவர். இந்த ரயிலுக்காக இருபது வருஷம் மனு எழுதி, ஊர்வலம் போய், மூன்று தடவை ஜெயிலுக்கும் போனவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தண்டவாளம் புதுசு. ஐந்தரை அடி அகலம், பளபளவென்று இருந்தது. சக்கரங்களும் புதுசு. ஆனால் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தவை எங்கள் பழைய பெட்டிகள். மீட்டர் பாதையில் நாற்பது வருஷம் ஓடிய அதே குச்சிப் பெட்டிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தது.

"ஏட்டி புஸ்பம், மாடிப் பெட்டி எங்கட்டி?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு இசக்கி. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு என்று ஊரையே அள்ளிக்கொண்டு போகிற மாடிப் பெட்டி வரும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். "பின்னால தனியா வருதோ?"

"பின்னால உன் மாமியா வருவா," என்றேன். வாயில் வந்தது அதுதான்.

இதைப் படிக்கிற நீங்கள் மலைமேல் இருப்பவராக இருந்தால் உங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது, அதனால் சொல்கிறேன். சித்திரை பிறந்ததும் கீழே சமவெளியில் கொதிகாலம் ஆரம்பித்துவிடும். வெறும் வெயில் என்றால் நாங்கள் தாங்குவோம். இது சூடும் ஈரமும் சேர்ந்து வருவது. வேர்வை ஊற்றும், காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிரவைக்காது. நிழலில் ஃபேனுக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் சாயங்காலத்துக்குள் செத்துப்போவான். என் அப்பா காலத்தில் வருஷத்துக்கு இரண்டு நாள் வந்தது, இப்போது இரண்டு மாதம். அதனால் ஒவ்வொரு கோடையிலும் சமவெளி ஊர்களை மலைமேல் உச்சிநகருக்கு ஏற்றி, மழை விழுந்ததும் இறக்கிவிடுவார்கள். அதற்கு மலையேற்றம் என்று பெயர், அதற்கென்று ஒரு துறையும் உண்டு. எங்கள் முத்தரசன்குளத்துக்கும் உச்சிநகருக்கும் நடுவே ஒரு மலை, மலைக்குள் ஒரு குகை, குகைக்குள் ஒரே ஒரு ரயில் பாதை. மலைச்சாலை ஒரு பெருமழையில் சரிந்துபோனது. அதைத் திரும்பப் போட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

எங்கள் ஊரில் ஆயிரத்து எண்ணூறு பேர். பழைய மீட்டர் பாதை ரயிலில் அறுநூறு பேர் போகலாம், ஆக மூன்று நடை. அதே ரயில் வேறு பாதைகளில் மற்ற ஊர்களுக்கும் போக வேண்டும் என்பதால் ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் ஒரு வாரம் ஓடிவிடும். மூன்றாவது நடைக்குக் காத்திருக்கிற தெருவில் வருஷா வருஷம் நாலைந்து பேர் போய்விடுவார்கள். அதனால்தான் அகலப் பாதை கேட்டோம். பாதை அகலமானால் ரயில் பெரிசாகும், ரயில் பெரிசானால் ஊரே ஒரே நடையில் ஏறிவிடும். 'ஐந்தரை அடி எங்கள் உரிமை' என்று எழுதாத சுவர் எங்கள் ஊரில் கிடையாது.

கடைசியில் கொடுத்தார்கள். பாதையை மாற்றுகிற மூன்று வருஷமும் ஆட்களுக்கு ரயில் இல்லை. அதற்குப் பதிலாக ஊர் நடுவில் குளிர்க்கூடம் என்று ஒரு பெரிய கொட்டகை கட்டி, நாலு ராட்சச ஏசி வைத்தார்கள். அதை ஓட்டுகிற வேலை எனக்கு. பாதி ஊருக்குத்தான் உள்ளே இடம், முறை வைத்து விடவேண்டும். இன்றைக்கு யாரை வெளியே நிறுத்துவது என்று மூன்று கோடை தினமும் முடிவு செய்தவள் நான். என் வாய் இப்படி ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் என் வீட்டுக்காரர் தேவசகாயம். அவர் இந்தத் தண்டவாளம் போடுகிற வேலைக்குப் போனவர். இரும்புக் கோலைக் குறுக்கே வைத்து, தண்டவாளத்தைத் தாங்குகிற கட்டைக்குக் கட்டை அகலம் பார்த்துத்தான் ஆணியை இறுக்குவார். "நம்ம ஊருக்கு வருத ரயிலுட்டி, ஒரு நூல் பிசகக் கூடாது," என்பார். இரண்டாவது கோடையில் தண்டவாளத்தின் மேலேயே மயங்கி விழுந்தார். அன்றைக்குச் சூடு ஏறி இதயம் கெட்டுவிட்டது. பிறகு பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். "இன்னொரு கொதிகாலம் கீழ இருந்தா இவர் தேறமாட்டார், முதல் ரயில்லயே மேல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த முதல் ரயிலுக்காகத்தான் புதுச் சட்டை போட்டு அவரைப் பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன்.

தெருவாரியாக ஏற்றினார்கள். எங்கள் வடக்குத் தெரு கடைசி. நோயாளிகளுக்கு என்று தனிப்பெட்டி எப்போதும் உண்டு, அதனால் நான் பதறாமல் அவரைக் கைத்தாங்கலாகக் கடைசிப் பெட்டிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே பார்த்தால் பட்டுச் சேலையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆட்கள். திறப்பு விழாவைப் பார்க்க உச்சிநகரிலிருந்து வந்த விருந்தாளிகள். கேசரி தின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் கிண்டிய கேசரி.

"இது ஸ்பெஷல் பெட்டிம்மா, ஏறாதீங்க," என்றான் வாசலில் நின்ற போலீஸ்காரன்.

வரிசைக்குத் திரும்பி வருவதற்குள் அறுநூறு பேர் ஏறி, ரயில் நிரம்பிவிட்டது. இரண்டு தெரு முழுசாக, ஆயிரத்து இருநூறு பேர், மூட்டை முடிச்சோடு கீழே நிற்கிறோம்.

விழாவுக்கு வந்த அதிகாரிகள் பந்தலில் நின்றிருந்தார்கள். பாதையைப் போட்ட இஞ்சினியர் இளஞ்சேரன், முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும், மெலிந்த ஆள். பக்கத்தில் மலையேற்றத் துறை இயக்குநர் தாரகை அம்மா. நான் நேராக இஞ்சினியரிடம் போனேன்.

"சார், அஞ்சரை அடி போட்டிய, சரி. பெட்டி ஏன் சாண் அகலத்துல வந்திருக்கு?"

"தண்டவாளத்தோட அகலம் வேற, வண்டியோட உடம்பு வேறம்மா," என்றார் அவர். கேட்டுவிடுவார்களே என்று பயந்துகொண்டே இருந்தவர் போலத் தெரிந்தது. "தண்டவாளம் அகலமா இருந்தா பெரிய உடம்பைத் தாங்கும், ஆடாம ஓடும். ஆனா அந்த உடம்பு போற வழியில எதுலயும் இடிக்கக் கூடாது. இந்தக் குகை மீட்டர் பாதை வண்டிக்காக அந்தக் காலத்துல குடைஞ்சது. மாடிப் பெட்டி உள்ள போனா கூரை இடிக்கும், ரெண்டு பக்கமும் சுவர் இடிக்கும். குகை அளவுக்குத்தான் பெட்டி விட முடியும்."

"அப்போ குகையைப் பெருசாக்கியிருக்கணும்."

"ஆக்கியிருக்கணும்தான்."

"ஏன் ஆக்கல?"

அவர் இயக்குநரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கேட்டது அகலப் பாதை. இருபது வருஷ மனு எல்லாத்தையும் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் 'அகலப் பாதை அமைத்துத் தருக'ன்னுதான் இருக்கு. அதுக்கு அனுமதி வந்தது, போட்டாச்சு. குகையைப் பத்தி யாரும் கேக்கலை."

தங்கப்பழம் அண்ணாச்சி எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். அந்த மனு அத்தனையும் எழுதிய கை அவருடையது. மாலை கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "வீடு கட்டித் தாங்கன்னு கேட்டா, வாசல் கேக்கலன்னு நாலு பக்கமும் சுவரை எழுப்பிட்டுப் போவியளா? அவருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியாது. படிச்ச உங்களுக்குத் தெரியும்லா? ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்து போயிருமா?"

இப்போது இயக்குநர் அம்மா முன்னால் வந்தார். குரல் இனிப்பாகத்தான் இருந்தது. "இங்க பாருங்கம்மா, அகலப் பாதை ஊருக்கு ஒரு நடைக்கு ஆயிரத்து எண்ணூறு பேர். அதுதான் துறையோட கணக்கு. அதுபடி உங்க ஊர் முழுக்க இன்னிக்கு ஏறிடுச்சு."

"ஏறிட்டா? அப்போ இங்கன நிக்க நாங்கள்லாம் யாரு? பேயா?"

"மிச்ச ரெண்டு நடையை வேற ஊர்களுக்குக் குடுத்தாச்சு. வண்டியே இல்லைம்மா. மூணு வாரம் கழிச்சு ஏதாவது முடியுமான்னு பார்க்கறேன்."

"மூணு வாரத்துல இவர் இருக்க மாட்டாரு." என் வீட்டுக்காரரைக் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பாதையைப் போட்டுத்தான் இவருக்கு நெஞ்சு போச்சு. இவருக்கு ஒரு இடம் குடுங்க. நான் வரல, இவரை மட்டும் ஏத்துங்க."

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ஸ்பெஷல் பெட்டியில் ஏறிக்கொண்டார். இளஞ்சேரனும் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். ரயில் போய்விட்டது. அந்த அம்மாவை நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை அச்சில் போட முடியாது.

மூன்றாம் நாள் காலையில் குளிர்க்கூடத்தில் ஏசி நான்கும் ஒன்றாக நின்றன. ஃபியூஸ் கட்டையை இறக்கி ஏற்றிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மின்சார ஆபீசுக்குப் போன் போட்டேன். "முத்தரசன்குளம் காலியான ஊராச்சே, காலி ஊருக்கு எதுக்கும்மா கரண்ட்?" என்று அந்தப் பக்கத்தில் ஒரு பையன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். நான் கத்தினேன். அவன் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னான், பிறகு எடுக்கவே இல்லை.

கொட்டகைக்குள்ளேயும் வாசலிலுமாக ஆயிரத்து இருநூறு பேர் மூச்சு விடுகிற சூடு. மத்தியானத்துக்குள் அது அடுப்பாகிவிடும். பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. அப்போது என் வீட்டுக்காரர் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"புஸ்பம், குகைக்குப் போயிருவோம்."

"என்ன சொல்லுதிய?"

"குகைக்குள்ள எப்பவும் ஒரே குளிர்ச்சிதான். மலை தலைக்கு மேல நிக்குல்லா, சூடு எறங்காது. நாங்க பழைய தண்டவாளத்தைக் கழத்தையில மத்தியானம் அங்கதான் போய்ப் படுப்போம்."

"சரக்கு ரயில் வருமே."

"அது ஆள் இல்லாம ஓடுத வண்டி. முன்னால தடை இருந்தா அதுவா நின்னுரும்."

சரக்கு ரயில் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்திலிருந்து உச்சிநகருக்கு அரிசி, எண்ணெய், பால் பவுடர் எல்லாம் பூட்டி முத்திரை வைத்த வண்டியில் இந்த வழியாகத்தான் போகும். தினமும் ஒரு நடை, ஒரு நாள் தவறாது. ஆட்களுக்குத்தான் வண்டி இல்லை.

உடனே கிளம்பினோம். ஸ்டேஷனில் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகிற டிராலி ஒன்று கிடந்தது. என் வீட்டுக்காரரையும் நடக்க முடியாத இன்னும் சிலரையும் அதில் வைத்துத் தள்ளிவிடலாம் என்று நாலு பேர் தூக்கி வைத்தார்கள். அது பழைய மீட்டர் பாதை டிராலி. ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தில் நின்றது, மறுபக்கம் ஜல்லியில் பொத்தென்று இறங்கியது. "நல்லா இருப்பிய!" என்று இசக்கி மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கடைசியில் பிளாட்பார பெஞ்சுகளைப் பெயர்த்து, அதில் படுக்கவைத்துச் சுமந்தோம். வெயில் ஏறுவதற்குள் குகை வாயைத் தொட்டுவிட்டோம். வழியில் இரண்டு பேர் சுருண்டு விழுந்தார்கள், அவர்களையும் தூக்கிக்கொண்டோம்.

உள்ளே போனதும் முகத்தில் ஜில்லென்று காற்று பட்டது. அழாத ஆளில்லை. குகையின் மேல்வாய் உச்சிநகரில் திறக்கிறது. ஆனால் அங்கே ஓர் இரும்புக் கதவு, ரயிலுக்கு மட்டும்தான் திறக்கும், போலீஸ் காவல் உண்டு. ஆகவே நடுவில் தங்கினோம். பக்கங்களில் இடம் கிடையாது. ஒரு ஓரம் சாக்கடை, மறு ஓரம் தண்ணீர்க் குழாய்கள், நடுவில் தண்டவாளம் மட்டும்தான். தண்டவாளத்துக்கு நடுவே குறுக்காகப் படுத்தால் தலை ஒரு இரும்பைத் தொடும், கால் மறு இரும்பைத் தொடும், ஆள் அளவெடுத்த மாதிரி அடங்கும். கட்டைக்குக் கட்டை ஒவ்வொருவராகப் படுத்தோம். என் வீட்டுக்காரர் கையை நீட்டி இரண்டு பக்கத்து இரும்பையும் தடவிப் பார்த்தார். "சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குக் குளிர்ச்சி கிடைத்தது, ஆனால் நெஞ்சு வலி நிற்கவில்லை. டாக்டர் வேண்டும். டாக்டர் கதவுக்கு அந்தப் பக்கம்.

சரக்கு ரயில் அவர் சொன்ன மாதிரியே குகை வாயில் வந்து தானாக நின்றது. மறுநாளும் நகரவில்லை. உச்சிநகரில் பால் பவுடர் தீர்ந்ததும் மேலே ஞானம் பிறந்துவிட்டது. நாங்கள் குகைக்கு வந்த நாலாம் நாள் மேல்வாய்ப் பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சம் வந்தது. இயக்குநர் தாரகை அம்மாவும் இஞ்சினியர் இளஞ்சேரனும். ஜனங்கள் எழுந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். கும்பிட்டார்கள்கூட. எங்களைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

என் வீட்டுக்காரர் படுத்திருந்த இடம் வரைக்கும் வந்தார்கள். அந்த அம்மா கூரையைப் பார்த்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இங்க வெப்பம் எவ்வளவு?"

"இருபத்தாறு மேடம்," என்றார் இளஞ்சேரன்.

"இயற்கையாவேவா? கரண்ட் செலவே இல்லாம?" அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை டார்ச் வெளிச்சத்தில் என் கண்ணால் பார்த்தேன். எங்களைப் பார்த்துச் சத்தமாகப் பேசினார். "எல்லாரும் கேளுங்க. யாரும் உங்களை இங்கிருந்து விரட்ட மாட்டாங்க. இனி இதுதான் உங்க ஊரோட நிரந்தரக் கோடை முகாம். சரக்குக்கு மலைக்கு மேல கம்பியில தொங்கிப் போற வண்டி போட்டுக்கறோம். உங்களுக்குச் சாப்பாடு, தண்ணி, விளக்கு எல்லாம் வரும்." பிறகு இஞ்சினியரிடம் திரும்பினார். "ஒரு கட்டைக்கு ஒரு ஆள். எத்தனை பேர் கொள்ளும்னு கணக்குப் போட்டுடுங்க. பழைய மீட்டர் பாதையா இருந்தா இப்படிக் குறுக்கே படுக்க முடியுமா? அகலப் பாதையாலதான் இது சாத்தியமாச்சு. அதையும் அறிக்கையில சேர்த்துடுங்க."

இளஞ்சேரன் டார்ச்சைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார்.

"இவருக்கு டாக்டர் வேணும்," என்று மட்டும் சொன்னேன். சத்தம்கூடப் போடவில்லை.

"மாத்திரை அனுப்பச் சொல்றேம்மா."

அவ்வளவுதான். நான் திரும்பி நின்று, குகை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். "மக்கா, எல்லாரும் படுங்க! இவங்க வந்த வழியில கதவு வரைக்கும் படுங்க!"

ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆணும் பெண்ணும் பிள்ளையும் வரிசையாக, தண்டவாளத்துக்குக் குறுக்கே, கட்டைக்குக் கட்டை படுத்துவிட்டார்கள். கட்டையில் இடம் கிடைக்காதவர்கள் சாக்கடை மேலும் குழாய் மேலும் உட்கார்ந்துகொண்டார்கள். அதிகாரிகள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வந்த வழியில் கால் வைக்க ஓர் அங்குலம் இல்லை. மறுபக்கம் கீழ்வாய், அதற்கு வெளியே கொதிக்கிற சமவெளி.

"என்ன இது? எழுந்திருங்க, நாங்க போகணும்," என்றார் தாரகை அம்மா.

"போங்களேன். யாரு தடுத்தா? தாண்டிப் போங்க," என்றேன்.

முதல் ஆள் இசக்கி, அவளுக்கு அடுத்து அவளுடைய மூன்று வயது மகள். அந்த அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஒரு காலை எடுத்தார். இசக்கி படுத்த வாக்கில் அந்தக் காலையே பார்த்தாள். "தாண்டுங்க மேடம். எங்களைத் தாண்டிட்டு, எம்பிள்ளையையும் தாண்டுங்க. அவ இதுக்கு மேல வளராட்டியும் பரவால்ல."

படுத்திருக்கிற ஆளைத் தாண்டக் கூடாது என்று யாரைத்தான் சொல்லி வளர்க்கவில்லை? சின்னப் பிள்ளையில் தெரியாமல் தாண்டிவிட்டால், திரும்பத் தாண்டு என்று முதுகில் ஒன்று வைப்பார்களே. ஆயிரம் பேரைச் சாகவிட்டுவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கிய பொம்பிளைக்கு, ஒரு பிள்ளையைத் தாண்டக் கால் வரவில்லை. எடுத்த காலை அதே இடத்தில் வைத்தார். எனக்குச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

இளஞ்சேரன் முயற்சிகூடச் செய்யவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா மேலே போன் போட்டார். "நாங்க ரெண்டு பேர் குகைக்குள்ள மாட்டிக்கிட்டோம்," என்றார். இரண்டு பேராம். சுற்றிலும் ஆயிரத்து இருநூறு பேர் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறோம்.

மூன்று வாரத்துக்கு வண்டியே இல்லை என்ற துறை, விடிவதற்குள் எட்டுப் பெட்டி ரயிலை அனுப்பியது. பயணி ஒருத்தர் இல்லை. ஒரு பெட்டியில் டாக்டர், நர்ஸ், ஆக்சிஜன். அதிகாரிகளுக்கு மூச்சு முட்டியிருக்குமாம். கீழ்வாயில் நின்ற சரக்கு வண்டியை மேலிருந்தே பின்னுக்கு ஓட்டி ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். சூடு கொஞ்சம் தணிந்த அந்த விடியற்காலையில் நாங்கள் கீழ்வாய்க்கு வெளியே வந்து நிற்க, ரயில் குகையைக் கடந்து எங்கள் முன்னால் வந்து நின்றது. இறங்கிய போலீஸ்காரர்கள் எட்டுப் பேர். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் அதிகாரிகளைத் தேடினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து என் வீட்டுக்காரரிடம் விட்டேன். "முதல்ல இவரைப் பாருங்க. அவங்களுக்கு ஒரு கேடும் இல்ல." அவர் பார்த்தார், நாடியைப் பிடித்தார், பேசாமல் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொன்னார். நல்ல மனுஷன். நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள், பிள்ளைகள் என்று அறுநூறு பேரை ஏற்றினோம். தாரகை அம்மா நாங்கள் சொல்லாமலே ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

"இளஞ்சேரன், வாங்க!" என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்.

"நீங்க போங்க மேடம். எனக்கு இன்னும் அளக்க வேண்டியது இருக்கு," என்றார் அவர், தண்டவாளத்தில் உட்கார்ந்தபடியே. ரயில் நகர்ந்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நானும் ஏறிட்டா அடுத்த வண்டி வராதும்மா."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுசாக நிறுத்தவில்லை. நாங்கள் திரும்பவும் குகைக்குள் போய் அவரை நடுவில் வைத்துப் படுத்துக்கொண்டோம். மறுநாள் விடியற்காலை ஓர் அதிகாரிக்காக இன்னொரு எட்டுப் பெட்டி வந்தது. மிச்ச அறுநூறு பேரும் ஏறினோம்.

ரயிலில் இளஞ்சேரன் என் எதிரே உட்கார்ந்திருந்தார். போனைப் பார்த்துவிட்டுக் கசப்பாகச் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் பிழைச்சுக்கிட்டார்னு டாக்டர் அனுப்பியிருக்கார். இன்னொண்ணும் வந்திருக்கு. முத்தரசன்குளம் மலையேற்றம் வெற்றி, ஆயிரத்து எண்ணூறு பேரும் அகலப் பாதை ரயில்ல வந்து சேர்ந்தாங்கன்னு மேடம் அறிவிச்சுட்டாங்க."

"எத்தனை நடைன்னு சொன்னாவளா?"

"அது சொல்லலை."

"சொல்லாட்டி போகுது. அடுத்த வருஷமும் வாங்க சார். கூட நாலு பேரை அழைச்சிட்டு வாங்க."

"இனிமே யாரும் வர மாட்டோம்மா." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "கொதிகாலத்துல எந்த அதிகாரியும் சமவெளிக்கோ குகைக்கோ போகக் கூடாதுன்னு காலையில உத்தரவு வந்தாச்சு. குகையை முகாமாக்கற திட்டத்துக்கும் கையெழுத்து ஆயிடுச்சு."

ஜன்னலை ஒட்டி ஓடிய குகைச் சுவரையே உச்சிநகர் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "எல்லாரும் வந்தாச்சா?" என்றார்.

"வந்தாச்சு."

"மாடிப் பெட்டியிலயா?"

"இல்ல. அந்தக் குச்சிப் பெட்டிதான். மூணு நடை."

அவர் கூரையைப் பார்த்தார். கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. "நான் கட்டைக்குக் கட்டை அளந்துதான் போட்டேன் புஸ்பம். எம்மேல தப்பு இல்லல்லா?"

அய்யோ, எனக்கு வந்த ஆத்திரம்! தப்பு செய்தவர்கள் அத்தனை பேரும் மேலே சுகமாக இருக்கிறார்கள். நெஞ்சைக் கொடுத்துத் தண்டவாளம் போட்ட மனுஷன் தன்மேல் தப்பு இருக்குமோ என்று அழுகிறார்.

"உங்கமேல ஒரு தப்பும் இல்ல," என்றேன். அவருக்கு அது போதவில்லை. தூங்குகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வெளியே வராந்தாவில் தங்கப்பழம் அண்ணாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத்தாள், கையில் பேனா. "வா தாயி. இந்தத் தடவை ஒண்ணையும் விடாம எழுதிருவோம். குகை, கூரை, சுவரு, எல்லாம் பெருசாக்கணும்னு. நீ சொல்லு, நான் எழுதுதேன்."

நான் அவர் கையிலிருந்து பேனாவை மெதுவாக எடுத்து மூடினேன்.

"மனு வேண்டாம் அண்ணாச்சி. இவரோட சேந்து வேலை செஞ்ச ஆளுக எத்தனை பேரு, யார் யார் வீட்ல கடப்பாரை கெடக்கு, அதை மட்டும் விசாரிங்க. மழை விழுந்து கீழ எறங்கினதும் நமக்குக் குகைச் சுவருல சோலி இருக்கு."